தலைமாடு

"மொதல்ல கைய எடும்மா. படுத்துக் கெடக்கற மனுஷன இப்பிடியா அடிப்பாங்க—"

"அடிக்கலைம்மா, தட்டறேன். கையக் குழிச்சு வச்சிருக்கேன் பாருங்க, வலிக்காது—"

"சத்தம் வாசப்படி வரைக்கும் கேக்குது, வலிக்காதாம். கட்டிக்கினு வந்து பத்தொம்பது வருஷம், நான் ஒரு சொல்லு சொன்னதில்ல அவர—"

"சத்தம் வந்தாத்தான் உள்ள ஒட்டிக்கிட்டிருக்கற சளி அசையும்—"

"எனக்கு ஒண்ணும் வலிக்கல," என்றார் தணிகாசலம். பெஞ்சின் விளிம்பில் தலை தொங்கக் குப்புறக் கிடந்து அவர் சொன்னது தரைக்கு மட்டும்தான் கேட்டது.

"நீங்க சும்மா இருங்க," என்று இரண்டு பெண்களும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

ஜெயம் அந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய்க்காரர்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பவள். பம்பாயில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவள். அவள் உத்தியோகத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் 'முதுகு தட்டுற அம்மா' என்றே பேர் நிலைத்துவிட்டது.

தணிகாசலம் பதினாறு வருஷம் பஞ்சாலையில் பஞ்சு அடிக்கும் அறையில் நின்றவர். இரண்டு முறை கபவாத ஜுரம், அதாவது நிமோனியா, வந்து பிழைத்தார். காசநோய் இல்லை என்று படம் பிடித்துப் பார்த்தாகிவிட்டது. இடது நுரையீரலின் அடிப்பாகத்தில் மூச்சுக்குழாய்கள் விரிந்துபோய், பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதுபோல் சளி தேங்கிக்கொண்டிருந்தது. தலை தாழவும் இடுப்பு உயரவும் படுக்க வைத்து முதுகைத் தட்டினால் தேங்கினது தொண்டைக்கு இறங்கும், இருமித் துப்பிவிடலாம். ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள், வீட்டில் தினம் காலையும் மாலையும். வீட்டுக்குத் தட்டல் வேண்டாம், சும்மா அப்படிப் படுத்தாலே போதும் என்று சொல்லி, கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தாள் ஜெயம்.

மூன்று வாரம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கோடு போட்ட குவளை பாதிக்குமேல் நிறையும். வீட்டில் துப்பின சளி என்று அவர் மனைவி செல்வாம்பாள் சீசாவில் கொண்டுவருவது ஒரு விரற்கடைகூட இருக்காது. நடுவில் இரண்டு தடவை காய்ச்சல் வேறு. டாக்டர் பலராமன் முடிவு செய்துவிட்டார்: மெட்ராசுக்கு அனுப்பி, அந்தப் பாகத்தை அறுத்து எடுத்துவிடுவது. கடிதம் நாளைக் காலையில் கையெழுத்தாகும். செல்வாம்பாளின் கோபம் அந்தக் கடிதத்தின்மேல். விழுந்தது ஜெயத்தின் கையின்மேல்.

"அறுத்துட்டு அனுப்புவாங்களாம். எங்க தெருவுல ஒருத்தர அப்பிடித்தான் இட்டுக்கினு போனாங்க, துணியில சுத்தி இட்டாந்தாங்க," என்றாள் செல்வாம்பாள். "நீ இங்க போட்டு அடிக்கற, அவரு இருமி இருமி உசுரு போவுது. ஊட்டுல பாரு, நீ சொன்ன மாதிரிதான் காலயில அர மணி, சாயங்காலம் அர மணி படுக்க வக்கிறேன். ஒரு இருமல் உண்டா? கொறட்ட வுட்டுத் தூங்கறாரு."

ஜெயத்தின் கை அந்தரத்தில் நின்றது.

"தூங்கறாரா?"

"ஏன், தூங்கக் கூடாதா?"

"தலை கீழ இருக்கும்போது இருமாம எப்படிம்மா தூங்குவாரு?"

"அத என்னக் கேட்டா எப்பிடி?"

அன்று சாயங்காலம் வேலை முடிந்து ஜெயம் ஒரு ரிக்‌ஷா பிடித்து உழவர்கரையில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனாள். நோயாளி வீட்டுக்குப் போவது அவள் வேலையில் சேர்ந்ததில்லை. மூன்று வாரமாகப் போகத் தோன்றவும் இல்லை.

ஒரே அறை. சுவரை ஒட்டி நீளவாக்கில் கயிற்றுக் கட்டில். ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் செங்கல்மேல் இருந்தன. செங்கல் நகராதபடி களிமண் வைத்துப் பூசி மெழுகியிருந்தது. வேலை சுத்தம். அந்த உயர்ந்த பக்கத்தில் தலையணை. தலையணையில் தணிகாசலத்தின் தலை, நிம்மதியாக.

"தலைய ஏன் இந்தப் பக்கம் வச்சிருக்காரு?"

"பின்ன? நீதான தலமாடு தோட்டத்துக் கதவுப் பக்கம் இருக்கட்டும், எட்டித் துப்பலாம்னு சொன்ன. அப்பிடியே செங்கல் வச்சுப் பூசியாச்சு. பூசுனப்பறம் பாத்தா தோட்டக் கதவு வடக்கு. வடக்கத் தல வச்சு ஆம்பளயப் படுக்க வக்கவா? செங்கல்லப் பேக்க முடியல. ஆளத் திருப்பிட்டேன்."

ஜெயம் கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள். அங்கே கட்டில்கள் வரிசையாக இருந்தன, வரிசை போகிற பக்கம் தலையும் போயிற்று. திசை என்று ஒன்று படுக்கையில் இருப்பதே அவளுக்கு நினைப்பில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை வந்தப்பவே எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"கால் ஒசரணுமா தல ஒசரணுமான்னு நான் கண்டேனா? செங்கல்லு ஒசரம் வேணும்ன, வச்சேன். அவரும் நல்லாக்குதுன்னாரு."

"நல்லாத்தான் இருந்துது," என்றார் தணிகாசலம் கட்டிலிலிருந்து. "ஜமீன்தார் மாதிரி."

செல்வாம்பாள் சிரிக்கவில்லை. செங்கல்லையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இத்தினி நாளும் நாந்தான் அவர—"

"நீங்க இல்ல. நான் கேக்கல. கேட்டிருக்கணும். கிழக்கே தலை வைக்கலாமா?"

"கெழக்க வக்கலாம். கட்டில் திரும்பாதே, ரூமு குறுகல்."

"கட்டில் எதுக்கு?"

தவிட்டுச் சாக்கு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாயை விரித்தார்கள். இடுப்பு சாக்கின்மேல், தலை தரையில், கிழக்கே. ஆறாவது நிமிஷம் தணிகாசலத்துக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கால் மணியில் ஜெயம் கொண்டுவந்திருந்த குவளை இரண்டு கோடு ஏறியது. செல்வாம்பாள் அதை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தாள். அருவருப்பாக முகம் சுளித்தாள், ஆனால் கீழே வைக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஜெயம் டாக்டர் அறைக்குப் போனபோது கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. பலராமன் பாரீசில் படித்தவர். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை இன்னமும் பிரெஞ்சு வழக்கப்படி, ஐயா என்பதற்கு முசே என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, நோயாளியின் காகிதக்கட்டை எடுத்துப் பிரித்தார்.

"'வீட்டில் மூன்று வாரம் முறையாகச் செய்யப்பட்டது, பலன் இல்லை.' யார் எழுதினது இது?"

"நான்தான்."

"இதைப் பார்த்துத்தான் அறுக்கணும்னு முடிவு பண்ணினேன். இப்ப ஒரு சாயங்காலம், ரெண்டு கோடு, அதை வச்சுக்கிட்டு நிறுத்துன்னு சொல்றீங்க. அதுக்குள்ள இன்னொரு ஜுரம் வந்தா?"

"வரலாம் முசே. வராதுன்னு சொல்லல."

"அந்தம்மா அழுதுதா?"

"அழுதாங்க. அதுக்காக வரலை. நான் கண்ணால பாக்காம கையெழுத்துப் போட்டேன். அவருக்கு வைத்தியமே நேத்து சாயங்காலம்தான் ஆரம்பிச்சிருக்கு."

பலராமன் பேனாவின் மூடியைக் கழற்றினார். கடிதத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"அந்த வரியை நானே அடிச்சுட்டு, தப்பு என்னுதுன்னு கீழ எழுதித் தர்றேன்," என்றாள் ஜெயம். "அறுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மூணு வாரம் குடுங்க, முசே."