ரெண்டு பேருக்கு ஒரு கார்டு

"கழட்டுங்கண்ணே, முதல்ல அதைக் கழட்டுங்க" என்று கஜேந்திரன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

ஏணியின் உச்சியில் நின்ற தனபாலன் கயிற்றைப் பல்லில் கடித்தபடி கீழே பார்த்தார். கட்டுகஸ்தோட்டையில் அந்தத் தெருவின் மரண உதவிச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம், கதிரை, வெள்ளைக்கொடி, பேனர் எல்லாவற்றையும் மூன்று மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவார். செத்தவருக்குக்கூட அவ்வளவு அவசரம் இருந்திருக்காது. 'அமரர் அஞ்சலை' என்று கொட்டை எழுத்தில் அடித்த பேனரின் ஒரு பக்கத்தை அவர் அப்போதுதான் கட்டி முடித்திருந்தார்.

"எழுத்துப் பிழையா தம்பி?"

"எழுத்தெல்லாம் சரிதாண்ணே. அந்தப் பேரு வேணாம்."

"வேற எந்தப் பேரைப் போட? பெட்டிக்குள்ள கெடக்குறது அஞ்சலக்காதானே?"

சாவை உறுதிப்படுத்தப் பன்னிரண்டு மணிக்குக் கிராம சேவகர் மிஸ் வருகிறார் என்று மட்டும் கஜேந்திரன் முணுமுணுத்தான். தனபாலன் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு பேனரைத் திருப்பி, எழுத்தில்லாத வெள்ளைப் பக்கம் ரோட்டைப் பார்க்கும்படி கட்டினார். நெளிவு சுளிவு தெரிந்த மனுஷன்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம், பெட்டியருகே உட்கார்ந்திருந்த ஞானேஸ்வரிக்கு எல்லாம் கேட்டது. கஜேந்திரனின் அம்மா அவள். அக்கா அஞ்சலை நேற்று விடியற்காலை பெரியாஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த கடதாசியில் செத்தவள் பெயர் ஞானேஸ்வரி, வயது அறுபது என்று இருந்தது. மூன்று வருஷமாக அக்கா தங்கச்சியின் அடையாள அட்டையில்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரைக்கும் அதில் ஒரு குறையும் வரவில்லை. அந்தக் கார்டில் படுத்தவள் அந்தக் கார்டிலேயே செத்தும் போவாள் என்று இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. புத்தி இருந்த லட்சணம் அது.

அக்கா களவாக வந்தவள் இல்லை. மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள். இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று ரெண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்ட காலத்தில், அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு இந்தியா விழுந்தது, பிறந்த வீட்டுக்கு இலங்கை விழுந்தது. பத்தொன்பது வயதில் கப்பலேறிப் போனாள். நீலகிரியில் முப்பது வருஷம் அதே கொழுந்தைப் பறித்தாள். பிள்ளை இல்லை, புருஷனும் போய்ச் சேர்ந்தான். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒரு மாத விசாவில் வந்தவளைப் போகவிடாமல் பிடித்து வைத்தவள் ஞானேஸ்வரிதான். "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போக்கா" என்றாள். அந்த ஒரு மாதம் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது.

அக்காவுக்கும் பிரஷர் இருந்தது. கிளினிக்குக்குப் போனால் கார்டு கேட்பார்கள், கார்டு இல்லையென்றால் எந்த ஊர், எந்த நாடு என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து, ஞானேஸ்வரி தன் கிளினிக்கில் வாங்கிவரும் குளிசையைக் கத்தியால் இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டார்கள். "பாதிக் குளிசைக்குப் பாதி நோய்தான்டி போகும்" என்று அக்கா சிரிப்பாள். போகாத பாதி அவளுடைய சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

கால் வீங்கி, மூச்சு முட்டி அவள் சுருண்டு விழுந்த அன்றைக்கு ஞானேஸ்வரி அலுமாரியைத் திறந்து தன் கார்டை எடுத்து மகன் கையில் திணித்தாள். படத்தில் இருந்த முகமும் அக்காவின் முகமும் ஒரே அச்சு. யாரும் உற்றுப் பார்க்கவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க இலவசமாக மெஷின் கிடைத்தது. போன வருஷம் நோயாளிகளுக்கான அரசாங்கக் கொடுப்பனவும் அதே பெயரில் வரத் தொடங்கியது.

மருமகள் சுதர்சினிக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பிரதேச செயலகத்தில் கிளார்க்காக இருக்கிறவள் அவள். ஒரு நாள் சோறு போடும்போது சொல்லியே விட்டாள்.

"அத்தை, பெரியம்மா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அந்த மெஷினுக்கு எத்தன பேரு லிஸ்ட்ல நிக்கிறாங்க தெரியுமா? நம்ம மடுல்கெல்ல வீரையா மாமா எட்டு மாசம் காத்துக்கிட்டு கெடந்தாரு. முறை வர முன்னமே போயிட்டாரு. அவருக்கு எல்லாக் கடுதாசியும் சரியாத்தான் இருந்துச்சு."

அடுத்த அறையில் படுத்திருந்த அஞ்சலைக்குக் கேட்டுவிட்டது. "புள்ள சொல்றது சரிதான்" என்றாள் அங்கிருந்தே. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் பேசினாள். "ஏழு வருசம் இந்த மண்ணுல நானும் கொழுந்து பறிச்சேன். அது எந்த லிஸ்ட்ல இருக்குன்னு அந்தப் புள்ளயத்தான் பார்த்துச் சொல்லச் சொல்லு."

ரெண்டு பேர் பேச்சும் ஞானேஸ்வரிக்கு நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தாள். ஆனால் போன மாதம், ஒரு தேங்காய்க்காக வந்த சண்டையில், அந்த வாய் சும்மா இருக்கவில்லை. "என் கார்டுல மூச்சு விடுறவ, எனக்கே புத்தி சொல்ல வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டாள். அக்கா ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காத மாதிரி சீப்பை எடுத்துக்கொண்டு வந்து தங்கச்சிக்குத் தலை சீவிவிட்டாள். மன்னிச்சிரு அக்கா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டவளுக்கு நேற்றிலிருந்து தொண்டையில் சோறு இறங்கவில்லை.

"அம்மா, இப்படி வாங்க" என்று கஜேந்திரன் குசினி வாசலில் நின்று கூப்பிட்டான்.

குசினிக்குள் சுதர்சினி கதவைச் சாத்தினாள். வெளியே ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்தது. கஜேந்திரன் சட்டைப் பைக்குள் இருந்த ஆஸ்பத்திரிக் கடதாசியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். மாநகர சபையில் அவன் வேலை நிரந்தரமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது.

"உண்மையச் சொல்லிரவாம்மா? மிஸ் வந்ததும் காலப் புடிச்சுச் சொல்லிர்றேன்."

"சொன்னா?" என்றாள் சுதர்சினி. "யாரு கார்டு குடுத்தது, யாரு கையெழுத்துப் போட்டதுன்னு வரும். எல்லாத்துலயும் ஒங்க கையெழுத்துத்தான் இருக்கு. பொலிஸ் வரும். பெரியம்மாவ இன்னிக்கு எடுக்க விடமாட்டாங்க. ஒங்க வேலையும் போயிரும்." அவள் குரல் தாழ்ந்தது. "சொல்லாட்டி அத்தை செத்தவங்க. வோட்டு இல்ல, கிளினிக் இல்ல. நாளைக்கு ஒரு நெஞ்சு வலின்னு வந்தா எந்தப் பேர்ல கொண்டு போறது?"

"அஞ்சல பேர்லதான்" என்றாள் ஞானேஸ்வரி. "விசா முடிஞ்ச பாஸ்போர்ட் ஒண்ணு ட்ரங்குப் பெட்டிக்குள்ள கெடக்குதே."

ஞானேஸ்வரிக்குப் பயமாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக, வாசலில் பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் அக்கா குசினிக்குள் வந்து நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். பல்லேகல மைதானத்தில் திருவிழா மாதிரி கிரிக்கெட் மேட்ச் நடந்தாலும், ரோட்டில் செக்கிங் இருக்கும் என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் போகமாட்டாள். அந்த வாழ்க்கை இனித் தனக்கா? அறுபது வயதில், தான் பிறந்த மண்ணில், தன் சொந்தப் பெயரைச் சொல்லப் பயந்துகொண்டு இருப்பதா? முடியாது என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் மாட்டிக்கொள்கிறவன் எதிரே நிற்கிற மகன். எந்தப் பக்கம் யோசித்தாலும் அவன் முகத்தில்தான் போய் முட்டியது.

"நான் குடுத்த கார்டு" என்றாள். "நானே செத்ததா இருக்கட்டும்."

"அம்மா..."

"அந்த மிஸ் முன்னால அம்மான்னு வாயத் தொறந்துறாத. அதையும் நான்தான் சொல்லித் தரணுமா?"

பன்னிரண்டே காலுக்குக் கிராம சேவகர் நிலூஷா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து ரெண்டு மாதம்தான், தெருவில் யார் முகமும் அவருக்குப் பழக்கமில்லை. கையில் ஒரு கிலோ சீனியும் பிஸ்கட் பைக்கற்றும் இருந்தன. சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு வராத நல்ல மனுஷி. அவர் கெட்டவராக இருந்திருந்தால் ஏமாற்றுவது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பெட்டியருகே நின்று கும்பிட்டுவிட்டு, கஜேந்திரன் நீட்டிய கார்டை வாங்கிப் பார்த்தார். வீங்கிப் போயிருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியின் தலைமாட்டில் இருந்தவளைப் பார்த்தார்.

"இவங்க?"

கஜேந்திரன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். "பெரியம்மா, மிஸ்."

"பேர் என்ன?"

"அஞ்சலை" என்றாள் ஞானேஸ்வரி. நினைத்ததைவிட லேசாக வாயில் வந்துவிட்டது.

"ஒரே முகம் தானே. ட்வின்ஸா?"

"இல்லீங்க மிஸ். மூணு வயசு வித்தியாசம்."

"எங்கட லிஸ்ட்ல இந்தப் பேர் பார்த்த ஞாபகம் இல்லை."

"இந்தியாவுல இருந்து வந்திருக்காங்க மிஸ்" என்று சுதர்சினி குறுக்கே வந்தாள். "தங்கச்சியப் பார்க்க வந்தவங்க."

"ஆ, அப்படியா. விசா எல்லாம் சரிதானே? முடிஞ்சிட்டா பெரிய கரைச்சல். பிறகு எங்களுக்கும் ஒண்ணும் செய்ய ஏலாது."

"கருமாதி முடிஞ்சதும் போயிருவாங்க மிஸ்" என்றான் கஜேந்திரன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

ஞானேஸ்வரி மகனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. எங்கே போவேன் என்ற கேள்வி அவளுக்கு நாக்கு வரை வந்தது. நிலூஷா கார்டை ஒரு பிரவுன் உறைக்குள் போட்டு, உறையைக் கைப்பைக்குள் வைத்து, ஸிப்பை இழுத்தார். கொடுப்பனவை இந்த மாதத்தோடு தானே நிறுத்திவிடுவதாகவும், அதற்காக அவர்கள் ஒபிசுக்கு அலைய வேண்டாம் என்றும் சொன்னார். கஜேந்திரன் நன்றி சொன்னான்.

அதற்குள் வாய்க்கரிசிக்கு நேரமாகிவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து அரிசி போட்டுவிட்டு நகர்ந்தார்கள். கிராம சேவகர் போகாமல் வாசலில் மரியாதையாக நின்றுகொண்டிருந்தார். ஞானேஸ்வரியின் முறை வந்தது. கை நிறைய அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தாள். அந்த ஒரு மன்னிப்பையாவது காதோடு சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். "அ..." என்று வாய் திறந்தது. வாசலில் நின்ற கிராம சேவகரின் வெள்ளைச் சேலை கண்ணில் பட்டது.

"தங்கச்சி" என்று அழுதாள். "நான் இருக்கையில நீ போயிட்டியே தங்கச்சி. ஏ ஞானம்..."

கூடத்தில் ஒப்பாரி நின்றுவிட்டது. இருபது பெண்களும் அவளையே பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும், பெட்டியில் கிடப்பது அக்கா. துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று யாராவது சொல்லப் போகிறார்களோ என்று சுதர்சினி சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். தனபாலனின் மனைவி ஒரு முறை வாசலைப் பார்த்தாள், ஒரு முறை ஞானேஸ்வரியைப் பார்த்தாள். பிறகு மார்பில் அடித்துக்கொண்டு எட்டுக் கட்டைக் குரலில் எடுத்தாள்.

"ஐயோ ஞானம், எங்கள விட்டுட்டுப் போயிட்டியே தாயி..."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முழுத்தெருவும் ஞானேஸ்வரியின் பெயரைச் சொல்லி அழுதது. அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அரிசி பாதி அக்காவின் வாயிலும் பாதி கழுத்திலும் சிந்திக் கிடந்தது.

மூன்று மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். ஆண்கள் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள், குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஞானேஸ்வரி அக்காவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். தலையணை ஓரத்தில் அக்காவின் சீப்பு இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சுதர்சினி ஒரு கோப்பையில் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"அத்தை, காலையில இருந்து ஒங்க பிரஷர் குளிசை போடலயே. போட்டுட்டுக் குடிங்க."

"ம்" என்றாள் ஞானேஸ்வரி.

எழுந்து குசினிக்குப் போனாள். சுவர்த் தட்டில் சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறை இருந்தது. உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒன்பது குளிசைகள் இருந்தன. எட்டைத் திரும்ப உள்ளே போட்டாள். மிச்சமிருந்த ஒன்றைப் பலகையில் வைத்து, வெங்காயம் வெட்டும் கத்தியை அதன் நடுக்கோட்டில் சரியாக வைத்து அழுத்தினாள். பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். மற்றப் பாதியை உறைக்குள் போட்டு, உறையின் வாயை ரெண்டு மடிப்பாக மடித்து வைத்தாள்.