கேம் மட்டும் ஏன் திணறுகிறது

"மெயின் ரூட்டர் செட்டிங்ஸைக் காட்டுங்க சார்."

இந்த இணைய நிறுவனத்தின் புகார் பிரிவில் நான் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் சிரித்தார். "ஸ்பீட் டெஸ்ட்ல நூறு காட்டுதே. அப்புறம் என்னம்மா?"

"காட்டாம என்ன பண்ணும்? அது பக்கத்து ரூம்ல இருக்கற நம்ம சர்வருக்குத்தானே போகுது! நானே சோதிச்சுப் பார்த்துட்டேன், வீடியோ நல்லா ஓடுது. ஆன்லைன் கேம் மட்டும் நம்ம ரூட்டரைத் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்குது. அதோட வேகத்தை யாரு சார் அமுக்கி வெச்சது?"

"உங்க வீட்டுல முதல் டிகிரி நீதானே? வேலையைக் காப்பாத்திக்க. வைஃபை சரியில்லன்னு கஸ்டமர்கிட்ட சொல்லு."

மூன்று வாரமாக அதைத்தான் சொன்னேன். என் பேச்சை நம்பி ஒரு வாடிக்கையாளர் தன் வீட்டில் இரண்டு ரூட்டர் மாற்றிவிட்டார்.

நான் எட்டிப் பார்த்ததும் மேனேஜர் தன் கம்ப்யூட்டர் திரையைச் சட்டென்று அணைத்தார். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் ஏன் அணைக்கிறார்? என் சோதனை முடிவுகள் எல்லாவற்றையும் அந்த வாடிக்கையாளருக்கே அனுப்புவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவர் அறைக் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே நடந்தேன்.