நுனியிலிருந்து

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்த வாரமே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அவள் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. நினைத்தவுடன் இறங்கி வர அது என்ன டவுன் பஸ்ஸா? அதனால் முதல் வகுப்புப் படிக்கும் மகளையும் அவளுடைய புத்தகப் பையையும் தம்பியின் ஒற்றை அறை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். பால், பள்ளிக்கூடம், பல் விளக்குவது என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னவள், தலைமுடியைப் பற்றி மட்டும் சொல்ல மறந்துபோனாள்.

தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் தொழில். கல்யாணம் ஆகவில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவன் "மொட்டை". நினைவு தெரிந்த நாள் முதல் தலையை ஒட்ட வழித்துக்கொள்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அந்த வீட்டில் ஷேவிங் கண்ணாடி இருந்தது, சீப்பு இல்லை.

குழந்தையை வீட்டில் எல்லோரும் பொடிசு என்பார்கள். பொடிசின் தலைமுடியில் ஒவ்வொரு இழையும் பேனா ரீஃபிலில் சுற்றி எடுத்தது போல இறுக்கமான சுருள். அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கோரைப்புல் மாதிரி நேர்முடி. "இது யாரைக் கொண்டு பொறந்திருக்கு?" என்று சொந்தக்காரர்கள் மோவாயில் கை வைப்பார்கள். அக்கா சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். தம்பி அந்த முடியைப் பின்னலில்தான் பார்த்திருக்கிறான். வரி வரியாய், படிய, ஒழுங்காய் இருக்கும். அந்த ஒழுங்குக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை பின்னல் அவிழ்ந்துவிட்டது. கடையில் ஒரு சீப்பு வாங்கிவந்து, குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்து, உச்சியில் வைத்துக் கீழே இழுத்தான். பாதி வழியில் சீப்பு நின்றது. கொஞ்சம் அழுத்தினான். சீப்பின் பல் "டக்" என்று உடைந்தது. பொடிசு வீறிட்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்காம? உன் தலைய இழுத்துப் பாரு மாமா!"

"என் தலையில இழுக்க என்ன இருக்கு?"

அழுகைக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள். ஆனால் தலையைக் கொடுக்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் அவனுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தான். எண்ணெயைக் கொட்டினான், யூனிஃபார்ம் காலர்தான் ஊறியது. ரப்பர் பேண்ட் போட்டான், அது அறுந்து சுவரில் போய் அடித்தது. வாரினால் முடி படிவதற்குப் பதிலாகப் பஞ்சு உதறியது போலப் புஸ்ஸென்று எழுந்து நின்றது. காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு, முதலில் கோலி அளவு இருந்தது, பிறகு எலுமிச்சை அளவு ஆனது. "தலை வாரி அனுப்புங்க சார்" என்று டீச்சர் வாசலிலேயே சொன்னார். அவன் வாரித்தான் அனுப்பியிருந்தான்.

அக்காவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல்நாண் வீங்கியிருக்கிறது, டாக்டர் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கட்டளை. மாலையில் வீடியோவில் முகம் மட்டும் பார்த்துக்கொள்வார்கள். அப்போதெல்லாம் பொடிசு ஒரு கம்பளிக் குல்லாவை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

"இந்தப் புழுக்கத்துல எதுக்குடி குல்லா?"

"அம்மா பாத்தா அழுவாங்க. அழுதா தொண்டை வலிக்கும்."

அதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை அவளைத் தெருமுனை அழகு நிலையத்துக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்த பெண் நல்லவள்தான். குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தாள். சிக்கை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இத வெட்டி எடுத்துட்டு, மிச்சத்த நேராக்கிடலாம் சார். அப்புறம் நீங்க கண்ண மூடிக்கிட்டுக்கூட வாரலாம்."

அவனுக்கு அது தேவவாக்கு போல இருந்தது. சரி என்று தலையாட்டியும்விட்டான். அவள் கிண்ணத்தில் எதையோ கலக்க, மூக்கைப் பிடுங்கும் நெடி அறை முழுக்கப் பரவியது. பெரிய நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்த பொடிசு கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள்.

"மாமா, நேரானா அம்மாவுக்கு என்னைய அடையாளம் தெரியுமா? பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் வரும்போது அம்மா என் தலைய வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. இப்போ அவங்களால கூப்பிடவும் முடியாதே?"

அவன் எழுந்து போய் அவள் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். "மன்னிச்சுக்குங்கம்மா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றான். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு, பொடிசின் கையில் இன்னொரு பிஸ்கட்டை வைத்தாள்.

அன்று மாலை அவனே குல்லாவைக் கழற்றினான். "அக்கா, எனக்குத் தெரியல. நீயே பாரு" என்று போனைக் குழந்தையின் தலைப் பக்கம் திருப்பினான்.

அக்காவின் கண் நிறைந்தது. ஆனால் அவள் அழவில்லை. கையை உயர்த்தி, "பொறு" என்பது போலக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது: "காய்ஞ்ச தலையில சீப்பு ஆகாது. ஈரத்துல மட்டும். நுனியிலிருந்து."

"ஈரத்துல நுனியிலிருந்துன்னா எப்படி?"

அக்கா ஒரு கற்பனைக் குடத்தைத் தலைமேல் சாய்த்துக் காட்டினாள்.

"ஐயோ, தண்ணி கேக்குறா! நர்ஸ் இல்லையா பக்கத்துல?"

"மாமா, தண்ணி என் தலைக்கு!" என்று பொடிசு தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அப்போது திரைக்குள் இன்னொரு முகம் எட்டிப் பார்த்தது. காலில் மாவுக்கட்டுடன் பக்கத்துப் படுக்கையில் கிடந்த அம்மாள். "தம்பி, நான் சொல்றேன் கேளுங்க. இத்தன நாளா இவங்க கைய ஆட்டுறதப் பாத்துப் பாத்து எனக்கே இந்த பாஷ அத்துப்படி."

அதன்பிறகு அக்கா கையால் பேசினாள், மாவுக்கட்டு அம்மாள் வாயால் பேசினார்.

"தலைய நல்லா நனைக்கணுமாம். கண்டிஷனர கஞ்சத்தனம் பண்ணாம பூசணுமாம். அப்புறம் தலைய நாலா எட்டா பிரிச்சு, ஒண்ண எடுத்துக்கிட்டு மத்தத கிளிப்பு போட்டு வச்சிரணும். மொதல்ல விரலு. விரலு போற எடத்துக்குத்தான் சீப்பு போகணும். அதுவும் பல்லு அகலமான சீப்பு."

அக்கா தன் பின்னலின் நுனியை எடுத்து, நடுவில் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, கீழே மட்டும் விரலால் நீவினாள்.

"மேல பிடிச்சுக்கிட்டு கீழ எடுத்தா, இழுப்பு வேருக்குப் போகாதாம். வலிக்காதாம்." அவர் சொல்லிவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "என்ன? ஆங்... பொறுமையா செய்யணுமாம். உங்களுக்குப் பொறுமை கொஞ்சம் கம்மின்னு சொல்றாங்க. இத நான் சேத்துச் சொல்லல தம்பி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறையையே ஒரு பட்டறையாக்கிவிட்டான். அகலப் பல் சீப்பு வந்தது. முடி கிளிப் கிடைக்காததால் கொடியில் இருந்த துணி கிளிப்புகளை எடுத்து மாட்டினான். பொடிசு கண்ணாடியில் பார்த்து, "நான் காயப்போட்ட போர்வை" என்றாள்.

நனைந்ததும் அந்த முடி வேறு முகம் காட்டியது. புஸ்ஸென்று நின்றதெல்லாம் அடங்கி, சின்னச் சின்னச் சுருள்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்றை மெல்ல இழுத்தான். அவள் தோளைத் தாண்டி நீண்டது. விட்டான். சட்டென்று சுருண்டு காதுக்கே திரும்பிவிட்டது. இத்தனை நாள் சிக்கு என்று தான் நினைத்தது சிக்கே இல்லை, முடியே அப்படித்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சிக்கு என்றால் அந்தக் காதோர எலுமிச்சை ஒன்றுதான்.

அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை. கண்டிஷனர் தடவி, ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழையாகப் பிரித்தான். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து போனது. முதுகு விண் விண்ணென்று தெறித்தது. பொடிசு பேசிக்கொண்டே இருந்தாள், பிறகு பேச்சு குறைந்தது, பிறகு அவன் முழங்காலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். முதல் நாள் சீப்பு இழுத்ததும் வீறிட்ட குழந்தை, கையில் தலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கியது. கடைசி முடிச்சு நெகிழ்ந்தபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுப்ப மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

துண்டால் துவட்டினால் முடி உரசிக் கிளம்பும் என்று மாவுக்கட்டு அம்மாள் எச்சரித்திருந்தார். பழைய பனியனால் ஒற்றி எடுத்தான். வழவழப்பான துணியில் தலையணை உறை தைக்கக் கொடுத்தான். காலையில் வாருவது என்பதே போயிற்று. தண்ணீர் தெளித்து, விரலால் நீவி, இரண்டு பின்னல். அவன் பின்னல் ஒன்று மேலே, ஒன்று கீழே என்றுதான் அமையும். பொடிசு அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்தக் களேபரத்தில் அவன் தன் தலையை வழிக்கவே மறந்துபோனான். ஒரு நாள் தரையில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற பொடிசு அவன் பிடரியில் விரலை வைத்தாள்.

"மாமா! உனக்கும் சுருளு!"

"சும்மா இரு."

அவள் கையை நனைத்துக்கொண்டு வந்து தடவி, ஷேவிங் கண்ணாடியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். நெற்றியோரத்தில் குட்டிக் குட்டியாய், மிளகு கொட்டியது போல, இறுகிய சுருள்கள்.

சின்ன வயதில் மாதம் தவறாமல் அப்பா அவனைச் சலூனுக்கு இழுத்துப்போவார். "புதர் மண்டி கிடக்கு, ஒட்ட எடு" என்பார். வேலைக்குப் போன பிறகு அவனே போனான். வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அன்று மாலை அந்தத் தலையை அக்காவிடம் காட்டினான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையைத் தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில் பிடித்து, அந்த உயரத்தில் ஒரு குழந்தை நிற்பது போலக் காட்டி, அதன் தலையைச் சுற்றி விரலால் வட்டம் வட்டமாகப் போட்டாள். பிறகு நெஞ்சில் கையை வைத்தாள். மகளைக் காட்டினாள். தம்பியைக் காட்டினாள்.

மிச்சத்தை ஒரு தாளில் எழுதிப் பக்கத்துப் படுக்கைக்கு நீட்ட, மாவுக்கட்டு அம்மாள் அதை வாங்கிப் படித்தார்.

"தம்பி... சின்னதா இருக்கும்போது உங்களுக்கு இப்படித்தான் இருந்துச்சாம். உங்கக்காதான் அதுல கைய விட்டு வெளையாடிக்கிட்டு இருப்பாங்களாம். ஒரு நாள் வந்து பாத்தா வழிச்சுட்டாங்களாம். அன்னைக்கு அவங்க சாப்பிடலையாம். இவ பொறந்து, ஈரத் தலையோட கையில குடுத்தப்போ, 'அட, என் தம்பி முடி'ன்னு நெனச்சாங்களாம்."

அவன் போனைப் பொடிசின் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அடுப்படிக்குப் போனான்.

அக்கா வீடு திரும்பியபோது குரல் மெல்ல வரத் தொடங்கியிருந்தது, பழைய கதவு திறப்பது போல. ஆனால் தழும்பு இழுப்பதால் கையை வெகுநேரம் தூக்கிவைக்க முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனான். அவன் தலையும் வளர்ந்திருந்தது. வேலையிடத்தில் இன்னும் "மொட்டை" என்றுதான் கூப்பிட்டார்கள். பேர் மாற நாளாகும் என்று அவனும் விட்டுவிட்டான்.

பொடிசை நடுவில் உட்கார வைத்து, வலப்பக்கம் அக்கா, இடப்பக்கம் அவன்.

"அம்மா, உன் பக்கம் வலிக்குது. மாமா பக்கம் வலிக்கல."

கை சோர்ந்து பிடி நழுவியிருந்த அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். "எப்படிடா பிடிக்கிற?" என்று கரகரத்த குரலில் கேட்டாள்.

"இங்க கொண்டா கைய" என்றான். அவள் விரல்களை எடுத்து, முடியின் நடுவில் எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே வைத்தான். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேருமே கொஞ்சம் நனைந்திருந்தார்கள்.