மருந்து குடித்த ரத்தக்குழாய்

“நேத்து மத்தியானம் நான் இங்க குறட்டை விட்டுட்டு இருந்தேன். அதே நேரம் என் ரத்தக்குழாய், ஊருக்கு அந்தக் கோடியில உட்கார்ந்து எனக்காக மருந்து குடிச்சிட்டு இருந்துச்சு!”

சொன்னவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் அவருக்குக் கப்சா மாமா என்று பெயர். ஒரு தடவை லிஃப்டைக் கொஞ்சம் கூடுதலாக முடுக்கிவிட்டு, மேகத்தில் தலை நனைந்து திரும்பியதாகச் சொன்ன ஆள். ஆகவே மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உங்க வாய்க்கு மட்டும் ரத்த ஓட்டம் குறையவே மாட்டேங்குது,” என்றபடி அவருடைய இடது பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்தாள்.

பாதம் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. சுண்டுவிரல் போன வருஷமே போய்விட்டது. காலின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டே வந்தன. கொடுத்த மருந்தெல்லாம் தலையைச் சுற்ற வைத்ததோடு சரி. அடுத்ததும் பலிக்காவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் ஆய்வகத்தில் அவருடைய ரத்தம் கொஞ்சம் வாங்கியிருந்தார்கள். அதிலிருந்த செல்களைக் கருவில் இருந்த காலத்துக்கே திருப்பி, ஸ்டெம் செல்லாக்கி, பிறகு தாஜா பண்ணி ரத்தக்குழாயாக வளர்த்திருந்தார்கள், எந்த மருந்தையும் முதலில் அதற்குக் கொடுத்துப் பார்ப்பதற்காக. மாமாவுக்கு ஒரே பூரிப்பு. பகல் தூக்கத்தில் அது கனவாய் மிதந்து வரும். இளஞ்சிவப்புத் தண்ணீரில் ஒரு நூல், பேச்சு வராத பருவத்து அவரேதான். அப்படி ஒரு பருவம் அவருக்கு இருந்ததென்பதையே மனைவி நம்பவில்லை.

“கப்சாவா இல்லையான்னு நானே பாத்துடறேன்,” என்று மறுநாள் அவளும் கிளம்பினாள்.

வெள்ளை அறை. இன்குபேட்டர் தாலாட்டுப் போல முனகிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்காரப் பெண், குழாயை உள்ளே வளர்த்திருந்த கண்ணாடிச் சில்லு ஒன்றை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள். திரையில் குழாய் தெரிந்தது. குட்டி பம்ப் ஒன்று நாடித் துடிப்பாய் அதற்குள் திரவத்தைத் தள்ளியது.

“ஐயா, அடுத்து உங்களுக்குக் கொடுக்க இருந்த மருந்து இதுதான்.”

ஒரு துளி விழுந்தது. தொட்ட நத்தைக் கொம்பாய்க் குழாய் சட்டென்று சுருங்கிக்கொண்டது. மாமா தன் இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மனைவி அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, இவரு உள்ளேயும் இப்படித்தான் ஆகியிருக்குமா?”

“அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா இனிமே டாக்டர் இதைத் தொட மாட்டார்.”

வேறொரு சில்லில் வேறொரு மருந்து. வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு, தூங்குகிற குழந்தை உள்ளங்கையை விரிப்பது போல, குழாய் மெல்ல மெல்ல விரிந்தது.

“பாத்தியா! கொட்டாவி விடுது, அப்படியே என்னை மாதிரி!”

“ஷ்ஷ்! சும்மா இருங்க. அது பயந்துடப் போகுது,” என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டர் அந்த மருந்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழித்து ஒரு காலை, பாதத்தைத் தேய்த்த மனைவியின் கை நின்றது. கட்டை விரல் நகத்தை அமுக்கி விட்டாள். வெளுத்த இடத்தில் சிவப்பு ஓடி வந்தது. பாதத்தைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வெதுவெதுவென்றிருந்தது.

அந்நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “என்ன மாமா, உங்க ரத்தக்குழாய் இன்னிக்கு என்ன குடிக்குதாம்?”

மாமா வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“சிரிக்காதீங்க. இவரு பக்கத்துல சும்மாத்தான் நின்னுட்டு இருந்தாரு. முதல்ல மருந்து குடிச்சது அதுதான். என் கண்ணால பாத்தேன்.”