ஆரஞ்சு மணல்

ஜூன் 9, காலை ஏழு மணி. கடற்கரைச் சாலையின் தென்கோடியில் இருந்த ரொட்டிக்கடையின் பின்சுவருக்கும் அலை ஏறி நின்ற கோட்டுக்கும் இடையே ஆறு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் இருந்தது.

ஐந்து மீட்டருக்குக் கீழே போனால் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கடைக்காரம்மாவுக்கு மற்றதெல்லாம் போனாலும் பரவாயில்லை, பின்னறை போகக் கூடாது. செங்கல் அடுப்பு அங்கேதான் இருந்தது. அது தூக்கிப் போகிற பொருள் அல்ல. பிரித்தால் செங்கல் குவியல்தான் மிஞ்சும். இருபத்திரண்டு வருடமாக அதன் வாயில் வெறுங்கையை நீட்டிச் சூடு பார்த்தே அவர் ரொட்டி சுட்டுவந்தார்.

அவருடைய அண்ணன் படகு கட்டுபவர். வடக்கே நானூறு மீட்டர் தள்ளி, அதே கரையில் பட்டறை. அங்கே நிலைமை நேர்மாறு. பன்னிரண்டு வருடத்தில் மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகன்றுவிட்டது. நோட்டீஸைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றே அண்ணன் வந்தார். புதிதாகச் சேர்ந்த இடத்தில் ஒரு கொட்டகை போட்டுத் தருவதாகவும், அடுப்பை அங்கே புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கடல் தனக்குக் கொடுத்ததில் தங்கைக்கும் பங்கு உண்டு என்றார். மனதாரச் சொன்னார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

கரையை அளக்க நகராட்சி அனுப்பிய பெண்ணை எல்லோரும் அளவுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வடக்கே உள்ள பாறைமுனையை வெயிலும் உப்பும் மழையும் பொடியாக்குகின்றன. சாய்வாக வரும் அலை அந்தப் பொடியைக் கரையோரமாகத் தெற்கே தள்ளிக்கொண்டு வருகிறது. ரொட்டிக்கடைக்குப் பின்னால் இருக்கும் மணலை அலை எடுத்துப்போவது புதிதல்ல. எடுத்த இடத்தை வடக்கிலிருந்து வரும் மணல் நிரப்பிக்கொண்டிருந்தது. இப்போது எடுப்பது மட்டும் நடக்கிறது, வருவது எங்கேயோ நின்றுவிட்டது. எங்கே என்று தெரிய மணலுக்குச் சாயம் பூச வேண்டும் என்றார்.

பாறைமுனையின் அடியில் அள்ளிய இருநூறு கிலோ மணல் கடைக்கு வந்தது. விடுமுறை நாளில் அதில் ஆரஞ்சுச் சாயம் கலந்து, ரொட்டித் தட்டுகளில் பரப்பி, அடுப்பில் உலர்த்தினார்கள். பழைய மாவுச் சல்லடையில் சலித்தார்கள். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வாங்க வர்றவங்க ஒருத்தருக்கும் பல்லு இருக்கக் கூடாதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

"முதல் தட்டு உனக்குத்தான். நீதான் எதையும் மெல்லாம முழுங்குவியே."

சாயமணலைப் பாறைமுனையில் கொட்டிவிட்டு, பதினைந்து நாள் கரை நெடுகப் பிடி பிடியாக மணல் எடுத்தார் அளவுக்காரம்மா. வேனுக்குள் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, புற ஊதா விளக்கில் காட்டினால் சாயம் ஏறிய மணல்மணி மட்டும் மின்னும். பட்டறை வரை எடுத்த ஒவ்வொரு பிடியிலும் மின்னியது. பட்டறையைத் தாண்டி எடுத்ததில் ஒன்றுகூட இல்லை.

நடுவே இருந்தது ஒரு கல்வரிசை. அதை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. புதுப் படகைக் கடலில் இறக்கியதும், எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க அடித்தட்டில் கற்களை ஏற்றி ஓட்டுவார்கள். சோதனை முடிந்த பிறகு அவற்றை மேட்டுக்குச் சுமக்க அலுப்பு. படகிலிருந்தபடியே, படகு இறக்கும் சரிவான இறங்குபாதையின் தெற்கு ஓரமாகத் தண்ணீரில் தள்ளிவிடுவது பட்டறையின் வழக்கம். அடுத்த படகுக்கு வேறு கல். பன்னிரண்டு வருடத்தில் அறுபத்தேழு படகுகள். கல்வரிசை கடலுக்குள் முப்பது மீட்டர் நீண்டிருந்தது.

முடிவைப் பார்க்க அண்ணனும் அவர் மனைவியும் தங்கையும் வேனுக்குள் வந்திருந்தார்கள். முதலில் வாய்திறந்தவர் அண்ணி.

"ஊரான் வீட்டு நெய்யேன்னு சொல்வாங்களே, அது இதுதான். உங்க தங்கச்சி மணலை வழியில மறிச்சு வெச்சுக்கிட்டு, அது மேலயே அவளுக்குக் கொட்டகை போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கீங்க."

கல்லை எடுத்தால் என்ன ஆகும் என்று அண்ணன் அளவுக்காரம்மாவிடம் கேட்டார். தேங்கிய மணல் தெற்கே நகரும், தங்கையின் கரை தேறலாம், உறுதி சொல்ல முடியாது. பட்டறையின் கரை குறைவது மட்டும் உறுதி என்றார் அவர். எடுக்கச் சொல்லி உத்தரவு ஏதும் வருமா என்று அண்ணி விசாரித்தார். சோதனைக் கல்லைப் பற்றி நகராட்சியில் விதியே இல்லை. எடுப்பதும் விடுவதும் பட்டறைக்காரர் விருப்பம்.

எடு என்று தங்கை கேட்கவில்லை. கேட்டால் அண்ணனால் மறுக்க முடியாது என்பதால்தான் கேட்கவில்லை என்று பிறகு அண்ணியிடம் சொன்னார்.

மறுநாள் காலை, பாதி கட்டிய படகை அப்படியே நிறுத்திவிட்டு அண்ணன் கிரேனைக் கரைக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் இறங்கும் நேரத்தில் மட்டும்தான் வேலை செய்ய முடிந்தது. கிரேனுக்கு எட்டாத கற்களை, இடுப்பளவு தண்ணீரில் நின்று சங்கிலி கட்டி இழுத்தார்கள். இருபத்து மூன்று நாள் ஆனது. அதற்குள் கடைக்குப் பின்னால் ஐந்து மீட்டர் இருபதுதான் மிச்சம். தங்கை தினமும் சூடான ரொட்டியோடு பட்டறைக்குப் போனார், வேலையைப் பார்த்தபடி நின்றார், திரும்பினார்.

கடைசி நாள் அண்ணன் ஈரத்தோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன, தினமும் வந்து மேஸ்திரி வேலை பாக்குற?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலைண்ணே. நான் கேக்காமயே செஞ்சே. எனக்கு அது போதும். கரை வரட்டும், வராம போகட்டும்."

"வராம போனா என் முதுகுவலிக்கு யாரு பதில் சொல்றது?" என்று ரொட்டியைப் பிய்த்தார் அண்ணன். பிறகு தங்கையைப் பார்க்காமலே சொன்னார்: "பன்னெண்டு வருஷமா உன் வாசலைத் தேய்ச்சிருக்கேன்மா. தெரியாமத்தான். ஆனா தேய்ச்சது நான்தான்."

தங்கை இன்னொரு ரொட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

செப்டம்பர் கடைசியில் ரொட்டிக்கடைக்குப் பின்னால் மணல் ஏறத் தொடங்கியது. மார்ச்சில் நகராட்சி நோட்டீஸைத் திரும்பப் பெற்றது. பட்டறையின் கரை பதினோரு மீட்டர் குறைந்தது. அலை அரித்துவிட்டதால் இறங்குபாதையின் அடிப்பகுதியை அண்ணன் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. சோதனைக் கற்களை இப்போது ஆட்கள் மேட்டுக்குச் சுமந்து வருகிறார்கள்.