உம் கொட்டாத திரைகள்

மெத்தைக் கம்பெனி முதலாளியை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொன்னார்கள். அவருடைய மகளைக் கட்டிக்கொண்டு வந்து பொது மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தவரை ஊழியர்கள் மொத்தப் பேரும் மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு, மாமனாருக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டிருக்க வேண்டும். பெரியவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் வேலை சூடுபிடிக்கிற நேரம் பார்த்து, கேமரா முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார். உழைப்பு, ஒழுக்கம், நல்ல தூக்கத்தின் அருமை என்று ஏதாவது ஒன்று. அந்தப் பேச்சு நேரலையாகக் கம்பிவழியே கிளம்பி கட்டிங், தையல், பேக்கிங், கணக்கு, கேன்டீன் என்று ஒவ்வொரு பிரிவின் சுவரிலும் மாட்டியிருந்த திரைக்குப் போய்ச் சேரும்.

கம்பிகளுக்குப் பொறுப்பானவளை வயரக்கா என்பார்கள். மாடிப்படிக்கு அடியில் ஜன்னலில்லாத அறை அவளுடையது. அங்கே இரும்பு அலமாரியில் சுவிட்ச் இருந்தது. விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. கட்டடத்தின் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பெட்டி, எது எந்தக் கம்பியில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை. ஒவ்வொரு கம்பிக்கும் நேராக ஒரு சின்னப் பச்சை விளக்கு. வயரக்கா அந்த விளக்குகளைப் பார்த்தே கட்டடத்தின் நாடியைச் சொல்லிவிடுவாள். சொல்லிவிடுவதாக அவளே நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பெரியவரின் அறைக்கு ஒரு போன் வந்தது. தையல் பிரிவிலிருந்து யாரோ பேசினார்கள், பெயர் சொல்லவில்லை. பேச்சு ஆரம்பித்து நாலு நிமிஷம் சொச்சத்தில் படம் அப்படியே நின்றுவிடுகிறதாம். அதுவும் நிற்கிற இடம் சகிக்கவில்லையாம். வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, தும்மலுக்குக் காத்திருப்பவர் மாதிரி. பெரியவருக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று கோபம். இன்னொன்று, தன் பேச்சு பாதியில் நின்றால் தொழிலாளர்கள் போன் போட்டுக் கேட்கும் அளவுக்குத் தவிக்கிறார்கள் என்கிற பெருமை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை வயரக்காவைக் கூப்பிட்டார். அவளுக்குக் கூப்பிட ஆளில்லாததால் வேலையை ஆரம்பித்தாள்.

முதலில் கம்பிகளைச் சந்தேகப்பட்டாள். தையல் பிரிவின் கம்பியை மாற்றினாள், படம் நின்றது. செருகியிருந்த துளையை மாற்றினாள், நின்றது. கேமரா சூடாகிறதோ என்று டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாள். பெரியவரின் முன்முடி பறந்ததுதான் மிச்சம். கடைசியில் சுவிட்சுக்கே வயசாகிவிட்டது என்று எழுதிக்கொடுத்து, மாப்பிள்ளையிடம் மன்றாடி, புதுசு ஒன்று வாங்கவைத்தாள். புது சுவிட்ச் பளபளவென்று வந்து உட்கார்ந்தது. அதிலும் நாலு நிமிஷம் சொச்சம் ஓடிவிட்டுப் படம் நின்றது.

“புதுசும் நிக்குதுன்னா, கோளாறு பெட்டியில இல்ல,” என்றார் மாப்பிள்ளை. அவர் பார்த்த பார்வை மிச்சத்தைச் சொன்னது.

பெரியவருக்கோ இதில் சதி வாடை அடித்தது. நாற்காலிமேல் கண் வைத்திருக்கிற யாரோ தன் குரலை அமுக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார். யார் என்று சொல்லாமல் மாப்பிள்ளையையே உற்றுப் பார்த்தார். மாமனார் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் மாப்பிள்ளை வயரக்காவைப் பார்த்தார்.

இத்தனைக்கும் நடுவில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். நின்றுபோன திரையை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் படம் ஜோராக வரும். மறுபடி நாலு நிமிஷம் சொச்சம், மறுபடி தும்மல் முகம். பழுதானது இப்படிக் கணக்காக வேலை செய்யாது என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஏதோ ஒன்று யோசித்து, முடிவெடுத்து நிறுத்துகிறது.

அவளுடைய புருஷன் பஸ் டிரைவர். ராத்திரி சாப்பிடும்போது அன்றைய பயணத்தில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு, பஸ்ஸில் கண்ணாடி அலமாரி ஏற்றப்பார்த்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றதுகூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“நீ உம் கொட்டலையே. கேக்கலன்னு நெனச்சேன்.”

“கேக்கிறியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொட்டியிருப்பேன்ல?”

சொன்ன வாய் சொன்னபடியே திறந்திருக்க, அவள் எழுந்து கை கழுவப் போனாள். கண்ணாடி அலமாரி என்ன ஆனது என்று அவன் கடைசிவரைக்கும் சொல்லவேயில்லை.

விஷயம் அவ்வளவுதான். திரையைப் போட்டதும், எனக்குப் படம் வேண்டும் என்று அது சுவிட்சிடம் ஒரு வார்த்தை சொல்லும். சுவிட்ச் அனுப்ப ஆரம்பிக்கும். ஆனால் சுவிட்ச் சிக்கனக்காரன். வேண்டாத கம்பியில் படத்தைக் கொட்டி நெரிசல் உண்டாக்காது. இன்னும் பார்க்கிறீர்களா என்று நடுநடுவே யாராவது எல்லாத் திரைகளையும் கேட்க வேண்டும். திரைகள் உம் கொட்ட வேண்டும். அதைக் கேட்டு சுவிட்ச் தொடர்ந்து அனுப்பும். கேட்பவர் இல்லாவிட்டால் திரைகள் தாமாக வாய் திறக்காது. நாலு நிமிஷம் சொச்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆளில்லை போலிருக்கிறது என்று சுவிட்ச் நிறுத்திவிடும். அப்படியானால் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது எது?

மறுநாள் அறை அறையாகத் தேடினாள். கணக்குப் பிரிவின் மூலையில், சுவரின் தூசிக்கு நடுவே ஒரு பெட்டி அளவுக்குச் சுத்தமான சதுரம் இருந்தது. அங்கே என்ன இருந்தது என்று கணக்கரிடம் விசாரித்தாள். ஏதோ பழைய பெட்டி, திரையும் இல்லை பொத்தானும் இல்லை, சும்மா முனகிக்கொண்டு கிடந்தது, மாப்பிள்ளை சார்தான் மின்சாரச் சிக்கனத்துக்காகப் பிடுங்கச் சொன்னார் என்றார் அவர். அந்தச் சிக்கனத்தைப் பெரியவர் தன் பேச்சிலேயே பாராட்டியதாகவும், வேலை செய்யாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பவற்றை அடையாளம் காண ஒரு கண் வேண்டும் என்று சொன்னதாகவும் கேள்வி. கேள்விதான், கணக்கர் நேரில் பார்க்கவில்லை.

இன்னும் பார்க்கிறீர்களா என்று அந்தப் பெட்டி கேட்டுக்கொண்டிருந்ததைப் புது சுவிட்சே கேட்கும்படி செய்யலாம். வயரக்கா கம்ப்யூட்டரில் சுவிட்சுக்கு ஒரே ஒரு வரி உத்தரவு தட்டினாள். அதற்குப் பிறகு படம் நிற்கவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. சின்னத் திருத்தம், சரியாகிவிட்டது என்று மட்டும் மேலே சொல்லியனுப்பினாள்.

பெரியவர் அதோடு விடுகிற ஆளா? சதிகாரனைக் கையும் களவுமாகப் பிடிக்க அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. பேச்சை முந்தின நாளே பதிவு செய்துவைத்து, மறுநாள் அதை நேரலை மாதிரி ஓடவிட்டுவிட்டு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு படிக்கட்டு அறைக்கு வந்து நின்றார். ஜன்னலில்லாத அறையில் மூன்று பேருக்கு இடமில்லை. மாப்பிள்ளை பாதி உடம்பை வெளியே வைத்திருந்தார்.

“இப்ப சொல்லும்மா. படம் ஏன் நின்னுச்சு? யார் வேலை?”

“யார் வேலையும் இல்ல சார். கேக்க ஆளில்லாம நின்னுச்சு.”

எந்தப் பெட்டியும் கேள்வி கேட்கவில்லை என்கிற அர்த்தத்தில்தான் அவள் சொன்னாள். பெரியவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. முகம் சுண்டிவிட்டது. இருபது பிரிவிலும் திரை இருக்கிறது, தன் பேச்சைக் கேட்க ஆளில்லையா என்றார். அவள் பதறிப்போய், பிடுங்கிய பெட்டியை மட்டும் விட்டுவிட்டு, உம் கொட்டுகிற கதையை ஆதியிலிருந்து விளக்கினாள். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். விளக்கம் நன்றாக இருந்ததுதான் வினை. அவருக்கு முழுசாகப் புரிந்துவிட்டது.

“அப்போ யார் யார் பாக்கிறாங்கன்னு இந்தப் பெட்டிக்கு இப்பத் தெரியும்?”

அவள் ஏற்கெனவே செருகியிருந்த ஒரு கம்பியை மறுபடி அழுத்திச் செருகினாள்.

“தெரியுமா, தெரியாதா?”

“வேகமா மினுக்குறதெல்லாம் படம் போற கம்பி சார்.”

மூன்று பேரும் விளக்குகளைப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தூங்கி வழிகிற மாதிரி எப்போதாவது ஒரு தடவை சிமிட்டின. மூன்று மட்டும் துடியாய்த் துடித்தன. ஒன்று கேமரா அறை, படம் கிளம்புகிற இடம். இன்னொன்று பெரியவரின் சொந்த அறை. அவர் இங்கே நிற்கிறார், அங்கே காலி நாற்காலி. மூன்றாவது தையல் பிரிவு.

பெரியவர் அவள் பக்கம் திரும்பி, நீயாவது பார்ப்பாயா என்று கேட்டார்.

“படம் நிக்குதான்னு பாப்பேன் சார்,” என்றாள். பொய் சொல்ல அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

அங்கிருந்து ஊர்வலம் கிளம்பியது. கேன்டீன் திரையில் கேபிள் டிவியின் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பேக்கிங்கில் திரைமேல் போர்வை காய்ந்தது. கணக்குப் பிரிவில் திரையின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் செருகியிருந்தார்கள். பெரியவர் வாசலில் நிற்பதைக் கண்டு எல்லோரும் எழுந்து நிற்க, கணக்கர் மட்டும் தெம்பாகப் பதில் சொன்னார்.

“பயன்படாததெல்லாம் அணைச்சு வைக்கணும்னு மாப்பிள்ளை சார் உத்தரவு சார்.”

மாப்பிள்ளை ஊர்வலத்தின் கடைசிக்குப் போய்விட்டார்.

தையல் பிரிவில் இயந்திரங்கள் காதைப் பிளந்துகொண்டிருந்தன. யாரும் தலை தூக்கவில்லை. சுவரோரத்தில், திரைக்கு நேர் கீழே, இடுப்பில் கைவைத்து ஒருவர் மட்டும் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். தொழிற்சங்கத் தலைவர். அவரைத் தலைவர் என்றே எல்லோரும் கூப்பிடுவது பெரியவருக்குப் பிடிக்காத விஷயங்களில் ஒன்று. திரையில் பெரியவர், இந்த நிறுவனம் ஒரு குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“குடும்பம்னா ஃபேன் போடுங்க,” என்றார் தலைவர், திரையைப் பார்த்து.

“எங்க போடணும்?” என்றது பின்னாலிருந்து அதே குரல்.

தலைவர் திரும்பினார். பெரியவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி பெரியவரைப் பார்த்தார்.

“நீங்க அங்க பேசிட்டிருக்கீங்க?”

“அது நேத்திக்கு நான். நீ தினமும் பாக்கிறியா?”

தலைவருக்குக் கூச்சமெல்லாம் இல்லை. ஒரு நாள் விடாமல் பார்ப்பதாகச் சொல்லி, எதிராளி என்ன சொல்கிறார் என்று தெரியாமல் எப்படிச் சண்டை போடுவது என்று கேட்டார். படம் நின்றதைப் போன் போட்டுச் சொன்னதும் தான்தான் என்றார். உழைப்பவனுக்கு உரியது எதுவென்றால் என்று ஒருநாள் ஆரம்பித்தீர்களே, அதோடு நின்றுவிட்டது, அது எது என்று இன்றைக்குவரை தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். பெரியவருக்கும் அது ஞாபகமில்லை. நல்ல தூக்கமாக இருக்கும் என்றார். அதற்கு முதலில் காற்று வேண்டும் என்றார் தலைவர். இருவரும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். திரையில் பேச்சு முடிந்து இருண்ட பிறகும் சண்டை ஓயவில்லை. வருஷக்கணக்காகப் பேசியவருக்கு முதல் தடவையாகப் பதில் வந்திருந்தது. அவர் முகம் சிவந்திருந்தது. கோபத்தில் அல்ல என்று வயரக்காவுக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் கேமரா அறையில் இரண்டாவது நாற்காலி போட்டார்கள். பெரியவர் ஒன்று சொல்வார், தலைவர் குறுக்கே பாய்வார். முதல் நாள் நாலு விளக்கு துடித்தது. பிறகு ஏழு. தலைவர் ஒருமுறை பெரியவரின் காரின் ஏசியைப் பற்றிக் கேட்ட அன்று கேன்டீனில் சமையல் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். பேக்கிங்கில் போர்வை வேறு இடத்துக்குப் போனது. பேச்சு முடிந்த கையோடு பெரியவர் படிக்கட்டு அறைக்குப் போன் போட்டு, இன்றைக்கு எத்தனை என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அத்தனை விளக்குகளும் துடித்த ஒரு காலையில், எல்லோர் கண்முன்னாலும் மறுக்க முடியாமல் தையல் பிரிவுக்கு ஃபேன்களை ஒப்புக்கொண்டார். அவை வந்தும் சேர்ந்தன.

அன்றைக்கு மத்தியானம் மாப்பிள்ளை வந்து அறைக்கதவைச் சாத்தினார். உட்கார இடமில்லாததால் நின்றபடியே பேசினார். தொழிற்சங்கத்துக்குக் கம்பெனியே மேடை போட்டுக்கொடுப்பது நன்றாக இல்லை என்றார். தலைவர் பேசும்போது மட்டும் படம் நிற்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று மெல்லக் கேட்டார்.

“செய்யலாம் சார்,” என்றாள் வயரக்கா. “ஆனா ஏன் நின்னுச்சுன்னு பெரியவர் கேப்பார். மொத தடவை யாரால நின்னுச்சுங்கறதையும் சேத்துதான் சொல்லணும்.”

“யாரால நின்னுச்சு?”

“கணக்குப் பிரிவுல ஒரு பழைய பெட்டியப் பிடுங்கினீங்களே சார். கேள்வி கேட்டுட்டிருந்தது அதுதான்.”

மாப்பிள்ளை சுவிட்சைப் பார்த்தார். கட்டடம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிற அந்த விளக்குகளில் ஒன்றாவது தன்னைக் காப்பாற்றுமா என்று தேடினார் போலிருக்கிறது. பிறகு, அறையில் வெக்கை அதிகமாக இருக்கிறதே, இங்கேயும் ஒரு ஃபேன் போடச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டுவிட்டார்கள். காற்று சுவிட்சுக்குத்தான் போனது, அவளுக்கு வரவில்லை. திருப்பிவைக்க எழுந்தபோது போன் அடித்தது. கட்டிங் பிரிவில் பிரின்டர் ஓடவில்லையாம், சுவிட்சில்தான் ஏதோ கோளாறு என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்களாம். அவள் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் போனாள். யாரும் காகிதம் போட்டிருக்கவில்லை.