வேற மாத்திரை ஏதாவது?

கணவனுக்கு வலிப்பு இருப்பது அவனையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு வலிப்பு என்று காதில் விழுந்தால் அன்றைக்கே கீழே இறக்கிவிடுவார்கள். அதனால் ஊரின் மறுகோடியில் இருந்த மருந்துக்கடைக்குப் போய் அவள்தான் மாத்திரை வாங்கி வருவாள். ஒரு வேளைகூடத் தவறவிடாததால் வலிப்பு பல வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை.

குடலில் கட்டி, புற்றுநோய் என்றதும் முதலில் ஓடி வந்தவர் அவளுடைய அண்ணன். தங்கை புருஷனுக்குக் கிரேன் வேலை வாங்கிக் கொடுத்தவர், அங்கேயே சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிக்குத் தன் காரிலேயே கூட்டிப் போனார். அதுதான் வினையாயிற்று.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? சுகர், பிரஷர், வலிப்பு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அண்ணன் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மேஜைக்கு அடியில் கணவனின் செருப்பு அவள் காலை அழுத்தியது.

"ஒண்ணும் இல்ல டாக்டர். தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்ல" என்றான் கணவன்.

"எங்க மாப்பிள்ளைக்கு இரும்பு உடம்பு" என்று அண்ணன் சிரித்தார்.

மருந்து ஏறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் வாந்தியெடுத்துத் துவண்டு கிடக்க, இவனுக்கு ஒரு முடி உதிரவில்லை. "என்னை ஒண்ணும் பண்ணல பாருங்க" என்று வார்டு முழுக்கப் பெருமையடித்துவிட்டு மறுபடி கிரேன் ஏறினான். அடுத்த ஸ்கேனில் கட்டி பெருத்து, கல்லீரலையும் தொட்டிருந்தது.

அவனிடம் சொல்லாமல் அவள் டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னாள்.

"அந்த மாத்திரை லிவரை முடுக்கிவிடும்மா. நாங்க ஏத்துற மருந்து கட்டியில வேலை செய்யறதுக்குள்ள லிவர் அதை உடைச்சு வெளிய தள்ளிடும்."

"முதல்லயே சொல்லியிருந்தா?"

"வலிப்புக்கு வேற மாத்திரை இருக்கு. மாத்தியிருப்பேன். அவ்வளவுதான்."

எவ்வளவு சின்ன விஷயம்! அவள் வெளியே வந்தாள்.

மாத்திரையை மாற்றினார்கள். புதியது உடம்புக்குப் பிடிபடுவதற்குள், அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே அவன் வாயில் நுரை தள்ளி விழுந்தான்.

"எவ்வளவு காலமா?" என்று அண்ணன் அவளைக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே."

"என் ஆளுங்க தலைக்கு மேல இரும்பைத் தொங்கவிட்டுட்டு இருந்திருக்கான். நீயும் வாயை மூடிட்டு இருந்திருக்க."

வேலை போயிற்று. அண்ணனின் கார் அதன்பின் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

"நீ போய் உளறலேன்னா கிரேன்காரனாவே செத்திருப்பேன்" என்றான் கணவன்.

"உங்க உயிருக்காகத்தான் சொன்னேன்."

"உயிரா? எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

அதுதான் அவளிடம் அவன் கடைசியாகப் பேசியது. இப்போது மருந்து உடம்பில் நின்றது. முடி கொட்டியது, குடலைப் புரட்டியது. ஆனால் கட்டி கைமீறிப் போயிருந்தது. அவள் வாந்திக்குப் பாத்திரம் ஏந்தினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான்.

மூச்சு இழுத்துக்கொண்டிருந்த கடைசி நாளில், பணி மாறி வந்த புது நர்ஸ் அவனிடம் குனிந்து கேட்டாள்: "கூட இருக்கிறது யாருங்க, சம்சாரமா?"

"வேலைக்கு வெச்ச பொம்பளை" என்றான்.

"சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள இருக்கலாம்மா" என்றாள் நர்ஸ்.

அவள் அவன் வாயைத் துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, நடையில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவன் போனதை அங்கே வைத்துத்தான் சொன்னார்கள். "வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார்கள்.